விமானப் படையில் சேர விரும்பும் நம் பிள்ளைகள்

மழைக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்று. ஜும்ஆ தொழுகை முடிந்து செங்கற்பட்டுப் பள்ளிவாசலின் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மரக்கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் என் தோளைத் தொட்டார். கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. அதை என்னிடம் கொடுத்துவிட்டு, ‘பாய், என் பிள்ளை எழுத்துத் தேர்வில் தேறினான். ஐந்து நாள் நேர்முகத்தில் தேறினான். கடைசியில் கண்ணில் தோற்றுவிட்டான்’ என்றார்.

தாளைப் பிரித்துப் பார்த்தேன். விமானப் படை மருத்துவக் குழுவினர் அவர் மூத்த மகனுக்குக் கொடுத்திருந்த முடிவு அது. விமானம் ஓட்டும் கிளைக்குத் தகுதியில்லை. காரணம், நிறப்பார்வைக் குறைபாடு. பையனுக்கு இருபத்திரண்டு வயது. சிவப்பையும் பச்சையையும் சில சாயல்களில் பிரித்தறிய இயலாதவன் என்பதை அன்றுதான் அவனும் அறிந்தான், அவனைப் பெற்றவர்களும் அறிந்தார்கள். விண்ணப்பிக்கும் முன் உள்ளூரில் ஒரு கண்ணாடிக் கடையில் கண்ணைக் காட்டியிருக்கிறார்கள். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, ‘பார்வை நன்று’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நிறத்தைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று இவர்களுக்கும் தெரியவில்லை.

மூன்று ஆண்டு உழைப்பு அந்த ஒரு வரியில் முடிந்திருந்தது. அந்தத் தந்தையின் முகம் என் மனத்தை விட்டு அகலாததால்தான் இக்கட்டுரையை எழுத அமர்ந்தேன்.

குரோம்பேட்டையிலிருந்து டேராடூனுக்கு

செங்கற்பட்டுச் சீமைக்கும் ஆகாய விமானத்துக்கும் உள்ள உறவு நம்மில் பலர் எண்ணுவதைவிடப் பழையது. செங்கற்பட்டிலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறினால் தாம்பரம் வரும். அதைக் கடந்தால் சானடோரியம், அடுத்து குரோம்பேட்டை. அங்கேதான் 1949இல் சி. ராஜம் அவர்கள் நிறுவிய எம்.ஐ.டி. என்னும் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. இராமேசுவரத்துப் படகுக்காரர் ஜைனுல் ஆபிதீன் மரைக்காயரின் மகன் அப்துல் கலாம் 1950களின் நடுவில் விமானப் பொறியியல் படித்தது அங்கேதான். சேர்வதற்கு ஆயிரம் ரூபாய் அளவில் பணம் தேவைப்பட்டது. சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து அதைத் திரட்டிக் கொடுத்தார். கல்லூரியில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களின் அருகே, மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பின்னும் அவர் நெடுநேரம் அமர்ந்திருப்பாராம்.

1954ஆம் ஆண்டில்தான் விமானப் படையின் பயிற்றுநர் பள்ளி அம்பாலாவிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் பள்ளி அது. இன்றளவும் அங்கேதான் இயங்கி வருகிறது. குரோம்பேட்டையில் புத்தகம் விரித்திருந்த மாணவருக்கு இரண்டு நிலையம் தள்ளி விமான ஓடுபாதை இருந்ததென்பது சிறிய செய்தியன்று.

படிப்பை முடித்து, பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் பயிற்சியும் பெற்ற கலாம் அவர்கள் 1958இல் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்தார். ஒன்று பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்ப இயக்ககம். மற்றது இந்திய விமானப் படை. இரண்டிலிருந்தும் அழைப்பு வந்தது. முதலில் டில்லி, பிறகு டேராடூன். மனம் முழுவதும் இருந்தது டேராடூனில்தான். இருபத்தைந்து பேர் தேர்வுக்கு வந்திருந்தனர். இடங்கள் எட்டு. கலாம் ஒன்பதாவதாக வந்தார்.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கணக்கில் கேட்டால் ஒன்று என்போம். அந்த இளைஞருக்கு அன்று அது வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரமாக இருந்தது. மனம் உடைந்து ரிஷிகேசம் சென்று, அங்கே சுவாமி சிவானந்தரைச் சந்தித்து ஆறுதல் பெற்றதாக அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பின்னர் டில்லிக்குத் திரும்பி, 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் முதுநிலை அறிவியல் உதவியாளராகச் சேர்ந்தார். அதன் பிறகு நடந்தவற்றை நாடறியும்.

ஒன்றை மட்டும் இங்கே குறித்தாக வேண்டும். 2006ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், புனே அருகே லோகேகான் தளத்தில், நாட்டின் குடியரசுத் தலைவராகவும் முப்படைகளின் தலைவராகவும் இருந்த அவர் சுகோய்-30 போர் விமானத்தில் ஏறிப் பறந்தார். அப்போது அவருக்கு வயது 74.

ரிசர்வ் படை என்றொரு வழி இருந்தது

முழுநேரப் படைவீரராக இல்லாமல், தம் தொழிலைப் பார்த்துக்கொண்டே தேவைப்படும்போது நாட்டுக்காக விமானம் ஓட்டும் ரிசர்வ் விமானி என்னும் ஏற்பாடு இப்பகுதிக்குப் புதியதன்று. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939ஆம் ஆண்டில் இந்திய விமானப் படையின் தொண்டர் ரிசர்வ் பிரிவு உருவாக்கப்பட்டது. பறக்கும் கழகங்களில் பொழுதுபோக்காக விமானம் ஓட்டியவர்களும் விமானக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களும் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களைக் கொண்டு கடலோரக் காவல் பிரிவுகள் அமைக்கப்பட்டன. சென்னை, பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி, விசாகப்பட்டினம் என ஆறு இடங்கள். அவற்றுள் முதல் பிரிவு நின்றது நம் பரங்கிமலையில். அந்நாளில் பரங்கிமலை செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது.

வாபிட்டி என்னும் இரட்டை இறக்கை விமானம்தான் அவர்களுக்குக் கிடைத்தது. மேலே மூடி கிடையாது. காற்றும் மழையும் நேரே முகத்தில் அடிக்கும். அத்தகைய விமானத்தில் ஏறி, வங்கக் கடலில் எதிரிக் கப்பலோ நீர்மூழ்கியோ தென்படுகிறதா என்று கரையோரமாகப் பார்த்து வருவதே வேலை. 1942 ஏப்ரல் 6ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னை நகரமே காலியாகி மக்கள் உள்நாட்டுக்கு ஓடிய காலம் அது.

கராச்சியில் இருந்த கடலோரப் பிரிவில் அதே வாபிட்டியை ஓட்டிப் பழகிய ஹைதராபாத் இளைஞர் ஒருவர் இருந்தார். மர்ஹூம் இத்ரீஸ் ஹசன் லத்தீஃப் அவர்களைத்தான் சொல்கிறேன். 1942இல் அதிகாரியானபோது அவருக்குப் பத்தொன்பது வயதுகூட நிரம்பவில்லை. நாடு பிரிந்தபோது, உடன் பறந்த நண்பர்கள் பாகிஸ்தானுக்கு வரும்படி அழைத்தும் இந்தியாவே தம் நாடென்று தங்கிவிட்டார். 1978 முதல் 1981 வரை இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியாக விளங்கினார். அப்பதவியை வகித்த முதல் முஸ்லிம் அவரே. 2018இல் காலமானார். நம் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக்கூடத் தெரியாத பெரியவர்களில் இவரும் ஒருவர் என்பது எனக்கு நெடுநாள் குறை.

விடுதலைக்குப் பின் 1952இல் ரிசர்வ் மற்றும் துணை விமானப் படைகள் சட்டம் நிறைவேறியது. அதன்படி சில பெருநகரங்களில் துணை விமானப் படை அணிகள் தோன்றின. வக்கீலும் வணிகரும் ஓய்வு நாட்களில் வந்து பறக்கப் பயின்றனர். சென்னைக்கு 53ஆம் அணி. 1960களில் அவையெல்லாம் முழுநேரப் படையோடு கலந்துவிட்டன. ஆகவே, கடையையும் நடத்திக்கொண்டு ஞாயிறுதோறும் போர் விமானம் பழகும் வாய்ப்பு இன்று நம் நாட்டில் இல்லை. இன்றைய வழிகள் வேறு.

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்தவர்கள் தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வு எழுதலாம். 2022 முதல் பெண்களும் அதில் சேருகின்றனர். பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை ஏஃப்கேட் என்னும் விமானப் படைப் பொது நுழைவுத் தேர்வு நடைபெறுகிறது. பறக்கும் கிளைக்கு வயது 20 முதல் 24 வரை. சேவை 14 ஆண்டுகள். என்.சி.சி. விமானப் பிரிவில் ‘சி’ சான்றிதழ் பெற்றோருக்குத் தனி நுழைவும் உண்டு. அவர்கள் நுழைவுத் தேர்வு எழுத வேண்டுவதில்லை. பழைய ரிசர்வ் முறைக்கு மிக அருகில் இருப்பது இந்த என்.சி.சி. வழிதான். கல்லூரியில் படித்துக்கொண்டே சிறிய விமானத்தில் பறந்து பார்க்கும் வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்? இருந்தும் நம் பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் என்.சி.சி. மேசையைக் கடந்து சென்றுவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். 25 வயதுக்குட்பட்டவர் மணமாகாதவராக இருத்தல் வேண்டும்; பயிற்சிக் காலத்தில் திருமணமும் கூடாது. வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அவசரப்படும் நம் வீடுகளில் இது சிறு விஷயமன்று.

உடற்பரிசோதனை

எழுத்துத் தேர்வுக்குப் பின் டேராடூன், மைசூர், காந்திநகர், வாரணாசி ஆகிய இடங்களில் உள்ள தேர்வு வாரியங்களில் ஒன்றுக்கு அழைப்பு வரும். ஐந்து நாட்கள் உளவியல் தேர்வு, குழுப் பணி, நேர்முகம் என்று நடைபெறும். விமானிகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தேர்வு உண்டு. முன்பு கருவிகளில் நடந்த அது இப்போது கணினியில் நடைபெறுகிறது. கையும் கண்ணும் காலும் ஒன்றாய் இயங்குகின்றனவா என்று பார்ப்பார்கள். இதை வாழ்நாளில் ஒரே முறைதான் எழுதலாம். தோற்றால் பறக்கும் கிளைக்கு மறுபடி வழியில்லை. தூக்கமில்லாத இரவுப் பயணத்தோடு போய் இத்தேர்வில் அமர்வது அறிவீனம்.

இவற்றில் தேறியவர்களை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். டில்லியில் உள்ள விமானப் படை மத்திய மருத்துவ நிலையம் ஒன்று. பெங்களூரில் உள்ள விமான மருத்துவ நிறுவனம் மற்றொன்று. நம் பையன் சென்றது பெங்களூருக்கு.

அங்கே முதலில் அளவெடுப்பார்கள். தையற்காரர் அளவெடுப்பதைவிட நுணுக்கமான அளவு அது. உயரம் 162.5 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது. அமர்ந்த நிலையில் உயரம் 81.5 முதல் 96 வரை. கால் நீளம் 99 முதல் 120 வரை. தொடை நீளம் 64க்கு மேற்படலாகாது. தொடைக்கு ஏன் அளவு என்று கேட்கலாம். ஆபத்து நேரும்போது விமானியை இருக்கையோடு வெளியே வீசி எறியும் அமைப்பு போர் விமானத்தில் உண்டு. தொடை நீண்டிருந்தால் அந்த நொடியில் முழங்கால் எதிரே உள்ள கருவிப் பலகையில் மோதிச் சிதைந்துவிடும். கால் குறுகியிருந்தால் மிதியை எட்டாது. 1930இல் முதன்முதலாக இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரிக்குப் பயிற்சிக்குச் சென்ற இந்தியர்களில் டாண்டன் என்பவர் உயரம் போதாமையால் விமானியாக முடியாமல், பொருள் வழங்கும் பிரிவின் அதிகாரியானார். 1932 அக்டோபர் 8ஆம் நாள் இந்திய விமானப் படை பிறந்தபோது அதன் முதல் விமானிகள் ஐவர்; அவர்களில் அவான் என்ற முஸ்லிம் ஒருவரும் இருந்தார். ஆறாமவரான டாண்டன் தரையிலிருந்து பார்த்தார்.

அளவுகள் பெற்றோர் தந்தவை. அவற்றை மாற்ற முடியாது. ஆனால் வீட்டிலேயே ஒரு நாடாவை வைத்து அளந்துவிட முடியும் அல்லவா? அளவு பொருந்தாத பிள்ளை பறக்கும் கிளைக்கு மூன்றாண்டு காத்திராமல், தொழில்நுட்பக் கிளைக்கோ நிர்வாகக் கிளைக்கோ அப்போதே விண்ணப்பிக்கலாம்.

அடுத்து முதுகெலும்பு. எக்ஸ்ரே எடுத்து, வளைவோ பழைய முறிவோ உண்டா என்று காண்பார்கள். இருக்கை வீசப்படும் அந்தக் கணத்தில் உடலின் முழுப் பாரமும் பல மடங்காகி முதுகின் மேல் விழும். கூர்மையான திருப்பங்களில் இரத்தம் தலையிலிருந்து கால்களை நோக்கி இறங்கும், கண் இருளும், சிலருக்கு நினைவும் தப்பும். ஆகவே இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் துருவித் துருவிப் பார்க்கிறார்கள். காதுச் சவ்வில் துளை உண்டா, மூக்கும் காதும் இணையும் குழாய் திறந்திருக்கிறதா என்பதும் முக்கியம். விமானம் வேகமாகக் கீழிறங்கும்போது காதில் அழுத்தம் சமன்படாவிட்டால் வலி பொறுக்க இயலாது. சிறுவயதில் காதில் சீழ் வடிந்ததை ‘தானாய்ச் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடும் தாய்மார்கள் இதை நினைவில் கொள்க.

பல்லுக்குக்கூட மதிப்பெண் உண்டு. குறைந்தது 14 புள்ளிகள் வேண்டும். சொத்தைப் பல்லின் உள்ளே சிக்கிய காற்று மேலே செல்லச் செல்ல விரிந்து வலியைக் கிளப்பும். உடல் எடை, இரத்தசோகை, குடலிறக்கம் முதலியன சரிசெய்யக் கூடியவை. அவற்றில் பலவற்றுக்கு ‘தற்காலிகத் தகுதியின்மை’ என்று எழுதி அவகாசம் தருவார்கள். நிரந்தரத் தகுதியின்மை என்று எழுதினாலும் மேல்முறையீட்டுக் குழுவை நாட உரிமை உண்டு. முடிவைத் தரும்போதே கெடுவையும் வழிமுறையையும் சொல்வார்கள். அதைக் காதில் வாங்காமல் கண்ணீரோடு ரயிலேறி வந்துவிடுபவர்கள் பலர்.

இனி, கண். பறக்கும் கிளைக்கு ஒரு கண்ணில் 6/6, மற்றதில் 6/9 பார்வை வேண்டும். கிட்டப்பார்வை அறவே கூடாது. பத்தாம் வகுப்பிலேயே தடித்த கண்ணாடி அணிந்த பிள்ளையை விமானியாக்கக் கனவு காண்பதில் பயனில்லை. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்தே முடிவெடுக்க வேண்டும்.

நிறப்பார்வைதான் பலருக்கும் தெரியாத வாசல். விமானத்தின் இடது இறக்கை முனையில் சிவப்பு விளக்கு. வலது முனையில் பச்சை. இரவில் எதிரே வருவது நம்மை நோக்கி வருகிறதா, விலகிச் செல்கிறதா என்பதை அந்த இரண்டு நிறங்கள்தாம் சொல்லும். ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக எரியும். இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்புமாகத் தெரிந்தால் சரியான சரிவில் இறங்குகிறோம் என்று பொருள். நான்கும் சிவப்பானால் மிகத் தாழ்ந்துவிட்டோம். நிறம் தவறினால் உயிர் தவறும். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் இரவில் படகேறும் மீனவரைக் கேளுங்கள், விளக்கின் நிறம் எவ்வளவு பெரிய செய்தி என்று அவர் சொல்வார்.

இக்குறைபாடு பெரும்பாலும் தாய்வழியே மகனுக்கு வருவது. தாய்க்கு எந்தக் குறையும் தெரியாது. அவர் எல்லா நிறத்தையும் நன்றாகவே காண்பார். ஆயினும் அத்தகைய தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் குறைபாடு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இதில் தாயைக் குறைகூற ஒன்றுமில்லை. மரக்கடைக்காரர் வீட்டில் அந்தப் பேச்சு எழுந்ததாகக் கேள்விப்பட்டு வருந்தியதால் இதை அழுத்திச் சொல்கிறேன். புள்ளிகளுக்கிடையே எண்ணைக் கண்டுபிடிக்கும் இஷிஹாரா அட்டைச் சோதனை கண் மருத்துவமனைகளில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே செய்யலாம்.

அம்மாவின் அச்சம்

2016 ஜூலை 22ஆம் நாள் காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட ஏ.என்.-32 விமானம் வங்கக் கடலின் மேல் மறைந்தது. அதில் 29 பேர் இருந்தனர். ஏழரை ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில், சென்னைக் கரையிலிருந்து 140 கடல் மைல் தொலைவில் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைத் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆழ்கடல் ஊர்தி படமெடுத்தது. அக்குடும்பங்கள் கழித்த அந்த ஏழரை ஆண்டுகளை எண்ணிப் பார்க்கும் எந்தத் தாயையும் கோழை என்று சொல்ல எனக்கு நாவெழாது. பிள்ளையை அனுப்புவோர் இதையும் அறிந்தே அனுப்ப வேண்டும்.

நம் வீடுகளில் மற்றொரு கேள்வியும் எழுவதுண்டு: தாடி. விமானப் படை விதியின்படி மார்க்க அடிப்படையில் தாடி வைக்க முஸ்லிம்களுக்கு அனுமதியில்லை என்னும் நிலையை உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பர் 15ஆம் நாள் அளித்த தீர்ப்பில் உறுதி செய்தது. இதைப் பற்றி ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவதும் முடிவெடுப்பதும் விண்ணப்பிக்கும் முன்பே நடைபெற வேண்டியவை. சேர்ந்த பின் வழக்காடுவது எவருக்கும் நன்மை தராது.

மரக்கடைக்காரருக்கு இரண்டாவது மகன் ஒருவன் இருக்கிறான். வயது பதினான்கு. மாமல்லபுரம் கடற்கரைக்குச் சென்றால் கடலைப் பார்க்க மாட்டான். தலைக்கு மேல் செல்லும் பயிற்சி விமானங்களைத்தான் பார்ப்பான். அண்ணனுக்கு நேர்ந்ததைக் கேட்டதிலிருந்து வீட்டில் அவன் விமானம் என்ற சொல்லையே எடுக்கவில்லையாம்.

சென்ற மாதம் அவனைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது என்னையும் உடன் வரச் சொன்னார்கள். அத்தாவுக்கு உள்ளே வரத் துணிவில்லை. வெளியே விசுப்பலகையில் அமர்ந்து தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். மூத்தவன் மட்டும் தம்பியோடு உள்ளே வந்து சுவரோரம் நின்றான். மருத்துவர் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பன்னிரண்டு, எட்டு, ஆறு, இருபத்தொன்பது என்று சிறுவன் தயங்காமல் படித்துக்கொண்டே போனான். நான் மூத்தவனைத் திரும்பிப் பார்த்தேன். அவனும் அட்டைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் எண்ணுக்குப் பிறகு அவன் உதடுகள் அசையவில்லை.

கடைசி அட்டை முடிந்ததும் அவன்தான் முதலில் வெளியே ஓடிச் சென்று அத்தாவிடம் சொன்னான். அவன் இப்போது தரைப்பணிக் கிளைக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறான். தம்பியின் கால் நீளத்தை அளக்க உம்மாவின் தையல் நாடாவையும் கேட்டிருக்கிறானாம்.